மூழ்கின விதை

என் வயசுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே படிக்கிறவர்களுக்கு. சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும். ஆனால் நடுவில் எழுந்து, "அப்ப நீங்க ஏன் வாயைத் திறக்கலை?" என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்துவிட்டது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தினவள் நான். மிதத்தல், மூழ்குதல், அழுத்தம், அடர்த்தி. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் சாக்பீஸ் ஒரு நொடி நின்றுதான் நகரும். பிள்ளைகளுக்கு அது இரண்டு மார்க் கேள்வி. எனக்கு அது என் அத்தையின் கால்.

அப்பா பண்ணையாரிடம் மூன்று மா நிலம் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் கொடிக்கம்பம் முளைத்திருந்த காலம். உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் எவனும் இறக்கிவிட முடியாது என்று சட்டம் வந்திருந்தது. பண்ணையார் லேசுப்பட்டவரா? "அவன் என் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வந்தவன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதிகாரி வந்து பார்க்கிற அன்றைக்கு வயலில் அப்பாவின் பயிர் நிற்க வேண்டும். நின்றால் நிலம் எங்களுக்கு. நிற்காவிட்டால் பண்ணை ஏர் வந்து இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அந்த வருஷம் பேசின பேச்சு, போட்ட சண்டை எல்லாமே இதைச் சுற்றித்தான்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. அவள்தான் என் அத்தை. அவள் புருஷன், என் மாமா, குத்தகைக்காரர்கள் பக்கம் முன்னால் நின்று பேசுகிறவர். பண்ணை ஆட்கள் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் போகிற மதகை அடைத்து வைப்பார்கள், மாமா போய்த் திறப்பார். ஒரு புரட்டாசிக் காலையில் திறக்கப் போனவர் திரும்பவில்லை. மதகின் வாய்க்குள் தண்ணீருக்கடியில் அவர் மாட்டிக்கொண்டு கிடந்தார். அடித்துப் போட்டார்கள் என்று எங்கள் தெரு சொன்னது. வழுக்கி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. எது நிஜம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நானும் கரையில் நின்றேன். சின்னப் பெண்ணை விரட்ட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. நாலு ஆள் இறங்கி இழுக்கிறார்கள், மாமா அசையவில்லை. கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறுதான் அறுந்தது. மேலே அவர் வேட்டியின் ஒரு முனை மட்டும் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் அழவில்லை. கரையில் நின்று, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "போதும். வாங்க வீட்டுக்கு" என்றாள்.

மாமா கழன்று, தானாக மேலே வந்தார்.

இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை விட்டுவிட்டுக் கரையேறிவிட்டார்கள். ஒருத்தர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யாரோ புத்திசாலி, மதகுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் மண்ணையும் வைக்கோலையும் கொட்டி அடைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கமும் தண்ணீர் ஏறி இரண்டு பக்கமும் ஒரே மட்டம் ஆனதும், மாமாவை அழுத்திப் பிடித்திருந்த பலம் போய்விட்டது. இதை நான் பி.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு கணக்குப் போடப்போய்ப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? செத்தவன் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்தான் என்று ஊர் பேசிற்று. துக்கம் கேட்க வந்த பெண்கள் அத்தைக்கு நேராக உட்காராமல் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் அப்பா அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஐப்பசியில் குறுவை அறுப்பு. மழை விட்டு விட்டுப் பெய்தது. பண்ணை ஆட்கள் வண்டியோடு வந்து, பக்கத்து வீட்டு நெல்லைக் களத்திலிருந்தே அள்ளிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு நெல் போனாலும் போகட்டும், விதை போனால் அடுத்த ஆனியில் எதை விதைப்பது? அம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். "ஏங்க, விதையை ரெண்டு பானையில கொட்டி, வாயை மண்ணு பூசி மூடிட்டு, வைக்கப்போருக்குள்ள வெச்சிடுவோம். போரைப் பிரிச்சா பாக்கப் போறாங்க?"

வீட்டுக்குள் தேட வந்தவர்கள் அடுப்பைக்கூடக் கிளறிப் பார்த்தார்கள், போரைத் தொடவில்லை. அப்பாவுக்கு ஒரே பெருமை. அம்மாவைப் பார்த்து, "நீ மந்திரியா இருக்க வேண்டியவ" என்றார். அம்மா சிரித்து நான் பார்த்த கடைசித் தடவைகளில் அதுவும் ஒன்று.

ஆனால் வைக்கோல் ஈரம். மழையில் நனைந்த குறுவை வைக்கோலைக் காயவைக்க நேரமில்லாமல் அப்படியே போர் போட்டிருந்தார்கள்.

கார்த்திகை மாசம் கொல்லைப்புறம் போனால் எல்லாவற்றின் மேலும் பனி. கூரையில் பனி, எருக்குழியில் பனி, மாட்டின் முதுகில்கூட. போரின் மேல் மட்டும் கிடையாது. அதன் உச்சியிலிருந்து மெல்லிசாகப் புகை மாதிரி ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் போனால் ஒரு நாற்றம் வரும், புளிப்பும் இனிப்புமாக, ஜுரக்காரன் படுத்த பாய் மாதிரி. எங்கள் நாய் முதலில் அதில் ஒண்டிக்கொண்டு படுத்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, தள்ளி நின்று அதைப் பார்த்து உறும ஆரம்பித்தது.

எனக்கும் பயம்தான். ஆனாலும் குளிருக்கு அந்தச் சூடு பிடித்திருந்தது. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் வைக்கோலை விலக்கி, கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டேன். விரல் பானையில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிவைத்த பானை மாதிரி சுட்டது. உள்ளே விதை மூச்சு விடுகிறது என்று நானாக ஒன்று நினைத்துக்கொண்டேன். போர் பக்கமே போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. மார்கழி பாதியில் சூடு தானாக அடங்கிவிட்டது.

ஆனி பிறந்தது, ஆற்றில் தண்ணீர் வந்தது. நான் எட்டாவதுக்குப் போயிருந்தேன். பானைகளை எடுத்து உடைத்துக் கொட்டினார்கள். நெல் பொன்னாக இருந்தது, ஒரு பூச்சி கிடையாது. எங்கள் பக்கம் விதையைச் சோதிக்கிற முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். அண்டாத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வர வேண்டும். கோழிமுட்டையைப் போட்டால் முதலில் அடியில் கிடக்கும். உப்பு ஏற ஏற எழும்பி, நாலணாக் காசு அகலத்துக்கு மண்டையைக் காட்டும். அந்தத் தண்ணீரில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல மணி மூழ்கும்.

அப்பா கடவுள் இல்லை என்கிற ஆள். முட்டையை மட்டும் நம்புவார். ஊரில் வழக்கம், முதல் கை விதையைச் சுமங்கலி போட வேண்டும். அப்பா அத்தையைக் கூப்பிட்டார். தெருவே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தது.

"வேண்டாம் அண்ணே. அண்ணி போடட்டும்."

"ஏன், விதைக்குத் தெரியுமா நீ தாலி கட்டிக்கிட்டவளா அறுத்தவளான்னு? போடு."

அத்தை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். எல்லாம் மூழ்கிற்று. மேலே மிதந்தது ஒரு பிடிகூடத் தேறவில்லை. "பாத்தீங்களாடா?" என்று அப்பா தெருவைப் பார்த்துக் கேட்டார். எனக்கும் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அந்த வாரமே சயின்ஸ் சார் ஒரு கண்ணாடி டம்ளரும் முட்டையும் உப்புமாக வகுப்புக்கு வந்தார். அடர்த்தி அதிகமானது மூழ்கும், குறைவானது மிதக்கும். நான் எழுந்து, "செத்தவங்க ஏன் சார் மொதல்ல மூழ்கிட்டு அப்புறம் மிதக்கிறாங்க?" என்று கேட்டேன். நான் யார் வீட்டுப் பெண் என்று வகுப்புக்கே தெரியும். சார் டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "உக்காரும்மா" என்றார்.

விதையை நல்ல தண்ணீரில் அலசி, ஊறவைத்து, சாக்கில் கட்டி, மேலே கல் ஏற்றி வைத்தார்கள். ஒரு நாள் கழித்துச் சாக்குக்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்க வேண்டும். முளை விடுகிற நெல் அப்படித்தான். அப்பா கையை விட்டார். "நீ பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா விட்டாள். அப்புறம் நான் விட்டேன். கிணற்றுக்குள் கைவிட்டதுபோல ஜில்லென்றிருந்தது. இன்னொரு நாள் பார்த்தார்கள், அப்போதும் ஜில்லென்றுதான் இருந்தது. ஒன்றிரண்டு மணியில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தெரு பார்த்துக்கொண்டிருக்கிறதே! அப்பாவுக்கு ரோஷம். "சேத்துல விழுந்தா வந்துடும்" என்று நாற்றங்காலுக்குக் கொண்டுபோய், அங்கேயும் முதல் கையை அத்தையையே வீச வைத்தார்.

மூன்றாம் நாள் தண்ணீரை வடித்தார்கள். நாற்றங்கால் என்றால் குருவி வரும், விரட்டி மாளாது. இங்கே ஒரு குருவி இறங்கவில்லை. உச்சி வெயிலில் அந்தச் சேறு மட்டும், ஒரு முளை இல்லாமல், வழவழவென்று பளபளத்தபடி கிடந்தது. நான் அதைப் பார்க்காமலிருக்க வாய்க்காலைப் பார்த்தேன். அப்போதுதான் பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி கையை நீட்டினாள்.

"அய்யய்யோ, தடத்தைப் பாருங்க."

அப்பா நடந்த இடமெல்லாம் குழிகுழியாகத் தண்ணீர் நின்றது. அத்தை நடந்த வழியில், ஐந்து விரலும் விரிந்த தடம் மேலாக லேசாகத் தெரிந்தது, தெரியாததுபோல. மாமா போன நாளிலிருந்து அவள் ஒரு வேளைதான் சாப்பிட்டாள், அதுவும் பாதி. உடம்பில் எலும்புதான் மிச்சம். சின்ன வயசிலிருந்து சேற்றில் நின்று பாதமோ முறம் மாதிரி அகலம். எடை கம்மி, பரப்பு ஜாஸ்தி, அழுத்தம் எங்கே இருக்கும்? இரண்டு மார்க். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் நின்றிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். கால் பதியாதவள் மனுஷியில்லை என்று சொன்னார்கள். மாமா செத்த அன்றைக்கே அவரோடு அவளும் போய்விட்டாள், இங்கே நடமாடுவது வேறு, அவள் கை பட்டால் உசிர் போய்விடும் என்றார்கள்.

அன்று மத்தியானம் அடுப்படியில் அம்மாவிடம் போனேன். "அம்மா, கார்த்திகையில அந்தப் பானை சுட்டுச்சும்மா. கை வெக்க முடியலை" என்றேன்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வெந்துபோன விதை முளைக்காது, ஆனால் எடை குறையாது, முட்டைக்கு அது எங்கே தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. என் வாயைப் பொத்தினாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லாதே. போருக்குள்ள வெக்கச் சொன்னது நான். என்னை வெட்டிப் போட்டுடுவாரு. உங்க அத்தைக்காவது போறதுக்கு ஒரு இடம் இருக்கு. எனக்கு எங்கடி இருக்கு?"

சொல்லவில்லை. பன்னிரண்டு வயசு எனக்கு. ஆனால் பன்னிரண்டு வயசு ஒன்றும் அவ்வளவு சின்ன வயசில்லை, என் வயசுக்காரர்களே. எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா போய்விடுவாளோ என்று பயந்தேன். அத்தை போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மற்ற குத்தகைக்காரர்கள் சாயங்காலம் வந்தார்கள். சத்தம் போடவில்லை. "அந்தப் பொண்ணு இருக்கிற வரைக்கும் உங்க வயல்ல நடவுக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க இறங்க மாட்டாங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார்கள். நடவுக்கு ஆள் இல்லையென்றால் பயிர் இல்லை. பயிர் இல்லையென்றால் நிலம் இல்லை. அப்பா தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அத்தையிடம், "கொஞ்ச நாளைக்கு நம்ம சித்தப்பா வீட்டுல இருந்துட்டு வா" என்றார். மாயவரம் போகிற வழியில் ஏழு மைல் தள்ளி ஒரு ஊர். அத்தை இரண்டு புடவையைச் சுருட்டிக்கொண்டாள். என் தலையைத் தொட வந்தவள் தொடாமலேயே போனாள். எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நிலம் காய ஆரம்பித்தது. ஊரில் யாரிடமும் மிச்ச நாற்று இல்லை, இருந்தவர்களும் பண்ணைக்குப் பயந்து கொடுக்கவில்லை. அதிகாரி வருகிற நாள் நெருங்கியது. ஒருநாள் விடிந்ததும் வயலுக்குப் போன அப்பா ஓட்டமாக வந்தார். வரப்பில் ஒரு சுமை நாற்றுக்கட்டு இருந்தது. பச்சைப் பசேலென்று, வேர் ஈரத்தோடு. மறுநாளும் ஒரு சுமை. அதற்கு மறுநாளும். எட்டு நாள். வரப்பெல்லாம் மழை ஈரம். சுமையோடு வந்த ஆளின் தடம் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தோம். நண்டு ஊர்ந்த கோடுதான் இருந்தது. வேறு ஏதாவது இருந்திருந்தாலும், தூறல் அடித்து மூடியிருக்கும்.

"ஒங்க மச்சான்தான்" என்று ஊர் சொல்லிற்று. எந்த நிலத்துக்காகச் செத்தானோ அதை விட்டுவிடுவானா? பெண்கள் நடவுக்கு வந்தார்கள், குலவை போட்டு நட்டார்கள். அதிகாரி வந்தார், பயிரைப் பார்த்தார், அப்பா பெயரை எழுதிக்கொண்டு போனார். கடவுளே இல்லை என்ற அப்பா, மதகடியில் ஒரு கல்லை நட்டு, விளக்கேற்றி, விழுந்து கும்பிட்டார். அதைப் பார்க்க எனக்கு அந்த நாற்றைப் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது. அத்தையை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மாமா கோபித்துக்கொள்வாரோ என்று சொல்லிக்கொண்டார்கள்.

அப்புறம் பதினெட்டு வருஷம். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று. அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் அத்தையைப் பார்க்கப் போனேன். என் பையனுக்கு அப்போது எட்டு மாசம்.

சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் குடிசை. சுற்றிலும் நல்ல மண் இருந்தும் ஒரு கீரைச்செடிகூட இல்லை. அத்தை ஓடிவந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. குழந்தையை நீட்டினேன். அவள் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து அவனைக் கொஞ்சினாள்.

"தூக்குங்க அத்தை."

"வேண்டாம்டி. பாத்தா போதும்."

மூன்று மா நிலத்தைப் பற்றி விசாரித்தாள். நன்றாக விளைகிறது என்றேன். "நான் கொண்டாந்த நாத்து வீணாப் போகலை" என்றாள், சாதாரணமாக. அப்புறம் அவளே சொன்னாள். அந்த ஊரில் ஒரு வீட்டில் நெல் குத்தினாளாம், மாட்டுக்கொட்டில் கூட்டினாளாம். கூலி வேண்டாம், மிஞ்சின நாற்றைக் கொடுங்கள் என்று கேட்டாளாம். நடுச்சாமத்தில் கிளம்பி ஏழு மைல், எட்டு நாள்.

"ஏன் அத்தை யாருகிட்டயும் சொல்லலை?"

"சொன்னா பிடுங்கிப் போட்டிருப்பாங்க. ஆனா நீ ஒண்ணும் பயப்படாதே. நான் கையால தொடலைடி. அந்த வீட்டுக்காரம்மாதான் தலையில தூக்கி வெச்சாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் வழிபூரா நடந்தேன். வரப்புல வந்து கழுத்தைச் சாச்சு எறக்கிட்டேன். என் கை ஒரு வேருலகூடப் படலை."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ஈர வைக்கோல், பானை, சூடு, அம்மா சொன்னது. "விதை போருக்குள்ளயே வெந்து செத்துடுச்சு அத்தை. நீங்க தொடறதுக்கு ஏழு மாசம் முன்னாடியே செத்தது. உங்க கையில ஒண்ணுமில்லை" என்றேன்.

அத்தை தன் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து விரித்துப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

காலேஜில் படிக்கும்போது தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"அப்பவே தெரியும் அத்தை. நீங்க போறதுக்கு முந்தின நாளே."

அவள் என் மடியிலிருந்த பையனை இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நான் கிளம்ப வேண்டிய கடைசி பஸ் வருகிறவரைக்கும் அவள் திரும்பவில்லை.